இதோ கிளம்பிட்டேன்

என் வீட்டுக்காரரை அவருடைய சாஃப்ட்வேர் ஆபீசில் 'ஜட்ஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எழுதியதில் தப்பு என்று இரண்டு பேர் முட்டிக்கொண்டால் நேரே இவர் மேஜைக்கு வருவார்கள். இவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "உங்க பக்கம்தான் இடிக்குது" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வீட்டிலும் அதே கோர்ட்தான். கேஸ் சிலிண்டரை நான் மூடினேனா இல்லையா என்பதற்குக்கூட இவர் தீர்ப்பு சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தம்பி ஒருவன். என் கொழுந்தன். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் மெக்கானிக். அவனுக்கும் பட்டப்பெயர் உண்டு: 'இதோ'. எப்போது போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும், "இதோ கிளம்பிட்டேன்" என்பான். பின்னால் டீக்கடையில் பாட்டு ஓடுவது நமக்குக் கேட்கும். கல்யாணம் எப்போது என்றால் அதற்கும் "இதோ"தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஆனால் கிளம்பி வந்துவிட்டான் என்றால், அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடாமல் அவன் வீடு திரும்பியதில்லை. கையில் கிரீஸ் வாடையோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். இரண்டு மணிக்கு வருகிறேன் என்பான், நான் மூன்றரைக்குச் சோறு வடிப்பேன். அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

மாமியார் உயிரோடு இருந்தவரை, பெரியவன் சொன்னால் கல்மேல் எழுத்து, சின்னவன் சொன்னால் நீர்மேல் எழுத்து என்பார். சின்னவனும் சேர்ந்து சிரிப்பான். அண்ணன் சிரிக்க மாட்டார். அவருக்கு அது நகைச்சுவை இல்லை, பட்டியலிட்ட உண்மை.

இவர் செய்யும் வேலையை எனக்கே புரியும்படி இவர் விளக்கியது, கொழுந்தன் கேட்டதால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "அண்ணா, எங்க கம்பெனிக்கு நீங்கதான் சாஃப்ட்வேர் மாத்திக் குடுக்கிறீங்கன்னு பேச்சு அடிபடுது, அப்படி என்னதான் பண்ணுவீங்க" என்று கேட்டான். இவர் தண்ணீர் டம்ளர், உப்புக் கிண்ணம், கரண்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்தார். முன்பெல்லாம் வியாபாரத்துக்கான மென்பொருள் என்றால் ஒரே பெரிய வீடு மாதிரி. சமையலறைக் குழாயை மாற்றினால் படுக்கையறையில் ஒழுகும். இப்போது அப்படியில்லை. வேலைக்கு ஒன்றாகத் தனித்தனிச் சேவைகள். இந்த டம்ளர் புகாரை வாங்கிக்கொள்ளும். இந்தக் கிண்ணம் எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லும். இந்தக் கரண்டி அவருடைய போனுக்குச் செய்தி அனுப்பி, அவர் சொல்லும் பதிலைக் கொண்டுவரும். ஒன்று கேட்கும், இன்னொன்று பதில் சொல்லும். கேட்பது யார், சொல்வது யார் என்ற விசாரணை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி தேவை மாறும்போது சுவரை இடிக்க வேண்டாம், ஒரு கிண்ணத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் போதும். மற்றவற்றுக்கு மாறியதே தெரியாது.

கொழுந்தனுக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க லிஃப்ட் மாதிரிதான். மோட்டார் தனி, கதவு தனி, கயிறு தனி" என்றான். பிறகு, ரிப்பேர் செய்யும்போது கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகர்கிறதா என்று பார்ப்பதற்காக, கதவு மூடியிருப்பதாகப் பொய் சொல்லும் ஒரு சின்னக் கம்பியை அவர்கள் மாட்டுவார்கள் என்று சொன்னான். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தால் லிஃப்ட் திறந்த கதவோடு கிளம்பிவிடும். அதனால் அவன் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டி, டூல் பையின் வாரில் தொங்கவிட்டிருப்பானாம். ரிப்பன் தொங்காத பையை அவன் தோளில் மாட்ட மாட்டானாம். இவர், நல்ல பழக்கம் என்றார். ஜட்ஜ் வாயால் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை நடந்தது. லிஃப்ட் கம்பெனியின் மேலாளர் நடுவில் ஒரு புதுத் தேவையைச் சொன்னார். இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்ட பழைய லிஃப்டுகள் கொஞ்சம் உண்டு. அவற்றுக்கு அனுபவம் உள்ள ஆட்கள்தான் போக வேண்டும், அதற்குத் தனி வழி வேண்டும் என்றார். இவர் பழைய கட்டிடங்களுக்கென்று ஒரு கிளை வழி போட்டுக்கொடுத்தார். ஆனால் போனுக்குச் செய்தி அனுப்பும் பகுதியை வேறொரு நிறுவனம் செய்துகொண்டிருந்தது. அது வந்து சேர நாளானது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதை இவரும் செய்தார். அது வரும் வரைக்கும் அந்த இடத்தில் ஒரு டம்மியை வைத்தார். எது கேட்டாலும் மெக்கானிக் ஒப்புக்கொண்டதாக உடனே பதில் சொல்லும் டம்மி. மற்ற பகுதிகளைச் சோதித்துப் பார்க்க அது போதும்.

அந்த டம்மி பதில் சொல்ல ஒரு வாசகம் வேண்டுமே. மற்றவர்களாக இருந்தால் 'ஓகே' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதியிருப்பார்கள். என்னவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஜோக் அடித்தார். "இதோ கிளம்பிட்டேன்" என்று எழுதினார். விளையாட்டு வினையாகும் என்பது இவருக்குத் தெரியாததா? எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இவர் சொல்லவில்லை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

அந்த நிறுவனம் தன் பகுதியைக் கொண்டுவந்து கொடுத்ததும், டம்மியை எடுத்துவிட்டு நிஜத்தை வைத்தார். பெரிய வழியில் வைத்தார். பழைய கட்டிடங்களின் கிளை வழியில் வைக்க விட்டுப்போனது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. ஏனென்றால் அந்தப் பழைய கட்டிடங்களில் இருந்து ஆபீசுக்குப் புகாரே வராது. அங்கே இருக்கும் வாட்ச்மேன்கள் எல்லாரும் நேரே கொழுந்தனுக்குப் போன் போடுவார்கள். அவன், "இதோ கிளம்பிட்டேன்" என்பான். டீயைக் குடித்துவிட்டு வருவான். லிஃப்ட் ஓடும்.

இந்தக் கட்டத்தில்தான் மேலாளர் என்னவரிடம் வருத்தப்பட்டார். இவ்வளவு பாடுபட்டு மென்பொருள் போட்டோம், உங்கள் தம்பியே குறுக்கே புகுந்து நேராகப் போன் வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் சாப்பாட்டு மேஜையிலேயே கோர்ட்டைக் கூட்டினார். இனிமேல் நேராக வரும் புகாரை வாங்கக் கூடாது, எல்லாம் சிஸ்டம் வழியாகத்தான் வர வேண்டும் என்றார். கொழுந்தன் தயங்கினான். அவர்களுக்குத் தன் நம்பர்தான் மனப்பாடம், பழகிவிட்டார்கள் என்றான்.

"பழக்கத்தை மாத்து. உன் இஷ்டத்துக்கு ஓடுறதுக்கா நான் இதைச் செஞ்சு குடுத்தேன்?"

"இதோ மாத்திட்டேன்" என்றான் அவன். நாங்கள் நம்பவில்லை. ஆனால் அவன் மாற்றிக்கொண்டான். அண்ணன் சொன்ன ஒன்றை அவன் முழுசாகச் செய்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து நடந்தது ஒரு விடுமுறை நாள் மதியம். பழைய நாலு மாடிக் கட்டிடம் ஒன்றில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார், கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு வீடு திரும்பினார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. வாட்ச்மேன் வழக்கம்போலக் கொழுந்தனுக்குப் போன் போட்டார். இவன், ஆபீசில் பதியுங்கள், எனக்குச் செய்தி வரும், வந்துவிடுகிறேன் என்றான். வாட்ச்மேன் ஆபீசைக் கூப்பிட்டார். அங்கே புகார் பதியும் பெண் பதிந்த கையோடு, திரையில் பதில் வந்தது: இதோ கிளம்பிட்டேன். அவள் அதை வாட்ச்மேனிடம் சொன்னாள். வாட்ச்மேன் இரும்புக் கதவின் இடுக்கு வழியாக வாத்தியாரிடம் சொன்னார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

கொழுந்தனும் காத்திருந்தான். வேறொரு கட்டிடத்து மொட்டைமாடியில் போனைப் பார்த்தபடி நின்றான். செய்தி வரவில்லை. சரி, பக்கத்தில் இருக்கும் வேறு ஆளுக்குப் போயிருக்கும் என்று கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தான். ஒரு வார்த்தை வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். அதை அவனே பிறகு பலமுறை சொன்னான். உள்ளே புழுக்கம் தாங்காமல் போனபோது குடியிருந்தவர்கள் கதவை நெம்பித் திறந்தார்கள். ஒற்றைக் கண்ணால் ஆழம் தெரியாமல் வாத்தியார் காலை எடுத்து வைத்தார், விழுந்தார், வலது மணிக்கட்டு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டிடமே கொதித்துப்போய்க் கம்பெனி வாசலில் நின்றது.

மேலாளர் என்னவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். உங்கள் தம்பி என்பதால்தான் முதலில் உங்களிடம் காட்டுகிறேன் என்றார். எனக்குச் செய்தியே வரவில்லை என்று அவன் சாதிக்கிறான், இங்கே பாருங்கள் என்றார்.

"அவன் பேச்சு அப்படியே இருக்கு பாருங்க, சார். இதை வேற யார் எழுதுவா?"

யார் எழுதினார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எனக்கு எதுவுமே வரலண்ணா, நீங்க பார்த்தா உங்களுக்குத் தெரியும் என்றான். அவனிடமும், பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று நான் துளைத்து எடுத்த பிறகு, அவன் கிளம்பிட்டேன்னு பதில் போட்டதா ஸ்கிரீன்ல இருக்கு என்றார். அந்த வாக்கியத்தைப் பிறகு நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட இவ்வளவு பதமாக மறைக்க மாட்டார்கள்.

நான் நம்பினேன். புலி வருது புலி வருது என்று சொல்லியே பழகியவன் அல்லவா அவன்? உடனே போனை எடுத்து, ஒரு மனுஷன் உயிரோடு விளையாடிவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்களுமா அண்ணி?" என்றான். நான் அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக என்னவர் அந்த டம்மியை எடுத்துவிட்டு நிஜத்தை வைத்திருக்கிறார். இனி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓட்டையை அடைத்தார். ஓட்டை இருந்தது என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. இவர் லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டார். உடம்புக்கு நல்லது என்றார். அடுப்படியிலிருந்து நான் "இதோ வர்றேன்" என்று குரல் கொடுத்தால், யாரோ முதுகில் தட்டியது மாதிரித் திரும்பினார். ஆபீசில் இரண்டு பேர் வழக்கைக் கொண்டுவந்தபோது, எனக்குத் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அதை அவருடன் வேலை பார்ப்பவர் என்னிடம் அதிசயமாகச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாக இருந்தது, தம்பி மேல் திடீரென்று பொங்கிய பாசம். அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இவர் தினமும் போன் போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். அவன் தட்டில் சோற்றைத் தன் கையாலேயே போட்டார். போதும் போதும் என்று அவன் கையை வைத்து மறைத்தால், விரலுக்கு இடையில் போட்டார். கொழுந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் கை கழுவப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னான்: "அண்ணா என்னை நம்புறாரு அண்ணி. நீங்கதான் நம்பல." எனக்கு வெட்கமாகப் போயிற்று. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அவன் சும்மா இருக்கவில்லை. சாயங்காலமானால் அந்தக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனான். கையில் கட்டு, கண்ணில் கட்டு. அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவானாம், கடைக்குப் போய்வருவானாம். செய்யாத தப்புக்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டேன். பாதி கிண்டல்தான். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கொழுந்தன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான், சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னான். நாளைக்கு விசாரணை. தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஆனால் டூல் பையை ஒப்படைக்க வேண்டும். இனி தனியாக எந்த லிஃப்டையும் தொட முடியாது, இன்னொருவர் பின்னால் எண்ணெய் டப்பா தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"நீதான் செய்யலையே, அப்புறம் எதுக்குக் கையெழுத்து?" என்றேன்.

"அதுதான் அண்ணி இப்போ சந்தேகமா இருக்கு" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். பாக்கெட்ல இருந்தப்போ கை பட்டிருக்குமோ, வேற ஏதோ நினைப்புல நானே அனுப்பிட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. என் வார்த்தைதானே அது? நான் அப்படிச் சொல்ற ஆளுதானே?"

என்னவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "ஒத்துக்காதே" என்றார். ஏன் என்று தம்பி கேட்டான். இவர் எழுந்து போய்க் கை கழுவினார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கொழுந்தன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அண்ணாவுக்கு ரொம்ப மனசு கஷ்டம் என்று சொல்லிவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து பக்கத்தில் நின்றார். டம்மியையும், கிளை வழியையும், அந்த ஜோக்கையும், மறுநாள் காலையில் எடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எப்போது தெரியும் என்று கேட்டேன். மேலாளர் திரையைக் காட்டிய அந்த நிமிஷமே என்றார். நான் குழாயை மூடினேன்.

"உங்க தம்பி பொய் சொல்றவன்னு நாம எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தோம். ஒரு நாள் அவன் உண்மையைச் சொன்னான். அது உண்மைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அவன் வார்த்தை மேலேயே அவனுக்குச் சந்தேகம் வர்ற அளவுக்கு விட்டுட்டீங்களே, நீங்கள்லாம் ஜட்ஜா?"

"பயந்துட்டேன்" என்றார். "வேலை போயிடும்னு இல்ல. நான் சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் நம்புறாங்க. அது போயிட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

பதினைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இப்போதே அவன் தங்கியிருக்கும் வாடகை அறைக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு மேலாளர் முன்னால் சொல்கிறேன் என்றார். முதலில் தம்பியிடம் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். போகவில்லை. மேஜையும் நாற்காலியும் போட்ட இடத்தில் தப்பை ஒப்புக்கொள்வது சுலபம் போலிருக்கிறது. தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து சொல்வதுதான் கஷ்டம்.

மேலாளர் அறையில் நடந்த விசாரணையைப் பற்றி இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின, அதனால் நம்புகிறேன்.

என்னவர் எழுந்து, தப்பு என்னுடையது, இவனுக்குச் செய்தி போகவே இல்லை என்றார். மேலாளர் நம்பவில்லை. இப்போது சோதித்துப் பார்த்தால் செய்தி ஒழுங்காகப் போகிறதே என்றார். நான்தான் மறுநாள் சரிசெய்தேன் என்றார் இவர். அப்படியா, நல்லது என்று மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். கூடப் பிறந்த பாசம் யாரைத்தான் விட்டது என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். அப்போதுதான் கொழுந்தன் எழுந்து நின்றான். அவன் கண் நிறைந்திருந்ததாம்.

"சார், அண்ணா பொய் சொல்றாரு. என்னைக் காப்பாத்துறதுக்காக. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை சார், விட்டுடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

வாழ்நாள் முழுவதும் கல்மேல் எழுத்தாக இருந்தவரின் உண்மையை அந்த அறையில் ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. எடுத்த டம்மியைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துக் காட்டுவதைத் தவிர இவருக்கு வேறு வழி இருக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்தார். தம்பியின் போனை வாங்கி எல்லாரும் பார்க்கும்படி மேஜை நடுவில் வைத்தார். புகார் பதியும் பெண்ணைக் கூப்பிட்டு, அதே கட்டிடத்தின் பேரில் ஒரு புகாரைப் பதியச் சொன்னார்.

அவள் பதிந்தாள். மேஜை மேல் இருந்த போன் அசையவில்லை, ஒலிக்கவில்லை, வெளிச்சம்கூட வரவில்லை. திரையில் வந்தது: இதோ கிளம்பிட்டேன்.

கொழுந்தன் போனை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். முதலில் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாம். நான் அழுத்தவில்லை, எனக்குப் புத்தி பிசகவில்லை என்ற நிம்மதி. அது பாதியிலேயே நின்றுபோனது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார் இவர். "விளையாட்டுக்கு எழுதினேன். கம்பியை எடுக்க மறந்துட்டேன்."

"மறக்கறது சகஜம்தாண்ணா. எப்போ தெரிஞ்சது?"

"அன்னைக்கே. இதே ரூம்ல."

அன்றைக்குப் பிறகு தினமும் தன் தட்டில் விழுந்த சோற்றை அவன் நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் அதைச் சொல்லவில்லை. "சரிங்கண்ணா" என்றான். மூலையில் இருந்த டூல் பையின் வாரில் ரிப்பன் தொங்குகிறதா என்று பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்தக் கட்டிடத்துக்குப் போக வேண்டும் என்று மேலாளரைக் கேட்டான்.

என்னவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தக் கம்பெனி வேலையிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரைப் போய்ப் பார்த்தார். கணக்கு தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம், இப்போதைக்கு எனக்குக் கைதான் இல்லை என்று அவர் சொன்னாராம். திட்டியிருந்தால் தேவலாம் என்றார் இவர். ஆபீசில் இன்னும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தப்பு யார் பக்கம் என்று கேட்டு வருபவர்களிடம் இவர் நீண்ட நேரம் யோசிக்கிறார், பாதிப் பேர் பொறுமையிழந்து போய்விடுகிறார்கள். இப்போது தான் வைக்கும் ஒவ்வொரு டம்மிக்கும் "இது நிஜமில்லை, எடுக்க வேண்டும்" என்றே பதில் எழுதுகிறார். கணினியின் ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார். அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், கடையில் வாங்கினேன் என்கிறார்.

கொழுந்தன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எப்போதாவது வருகிறான், மரியாதையாகப் பேசுகிறான், அளவாகச் சாப்பிடுகிறான். ஒன்று மட்டும் மாறிவிட்டது. அவன் இப்போது பொய் சொல்வதில்லை. போன் போடும் வாட்ச்மேன்களிடம், வேறு இடத்தில் இருக்கிறேன், ஒரு மணி நேரம் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறானாம். 'இதோ' என்று அவனை யாரும் இப்போது கூப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு தயாரானதும், வழக்கமாக நான் போடும் போனை இவரே எடுத்தார். மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கடா இருக்கே?"

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்பதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் டீக்கடைப் பாட்டுகூட ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கிளம்பலண்ணா" என்றான்.

வருவாயா என்று இவர் கேட்டார். தெரியலண்ணா, நீங்க சாப்பிடுங்க என்றான். இவர் சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

"பழைய மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவன்" என்றார்.

நான் மூன்றாவது தட்டை எடுக்கப் போனேன். இருக்கட்டும் என்றார். மூன்றரை மணி வரைக்கும் நாங்கள் சாப்பிடவில்லை.